சம்மனே வராதவன் ஓடிப்போனவனா?

ஷிப்டு முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே!

ஒருவன் பேரில் பிடிவாரண்ட் என்றதும் ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. தப்புச் செய்தான், தலைமறைவாகிவிட்டான் என்று. நான் கேட்கிறேன்: சம்மனே கைக்கு வந்து சேராதவன் எப்படித் தலைமறைவானவன் ஆவான்?

பனியன் கம்பெனி டெய்லர் ஒருவரை எனக்குத் தெரியும். தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டுக் கொடுத்தார். தவணை நின்றது, செக் திரும்பியது, வழக்கு விழுந்தது. அதற்குள் அவர் வீடு மாறிவிட்டார். பழைய வீட்டுக்குப் போன சம்மன், வாங்க மறுத்தார் என்ற குறிப்போடு கோர்ட்டுக்கே திரும்பியது. டவாலி மூன்று முறை பேரைக் கூப்பிட்டார். ஆள் இல்லை. வாரண்ட் பிறந்தது! அது டெய்லருக்குத் தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, கதவைத் தட்டிய போலீசார் சொல்லித்தான். சனி, ஞாயிறு சப்-ஜெயிலில். திங்கள்கிழமை ஜாமீன். அந்த இரண்டு நாளில் அவர் பிள்ளைகள் தெருவில் கேட்ட பேச்சுக்கு யார் ஜாமீன் கொடுப்பது?

செக் வழக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஜாமீன் அங்கே சலுகை அல்ல, உரிமை. குற்றத்துக்கே ஜாமீன் உண்டு என்னும்போது, வாய்தாவுக்கு வராததற்கு மட்டும் எடுத்த எடுப்பில் ஜாமீனில் வரமுடியாத வாரண்டா? 2007இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. முதலில் சம்மன். அதற்கு வராவிட்டால் ஜாமீனில் வரக்கூடிய வாரண்ட். அதன் பிறகும் வேண்டுமென்றே தவிர்க்கிறார் என்று தெரிந்தால்தான் கடைசி ஆயுதம். 2022இல் சதேந்தர் குமார் அன்டில் வழக்கிலும் இந்த வரிசையை வலியுறுத்தியது. அந்தத் தீர்ப்புகள் புத்தக அலமாரியில் இருந்தால் போதாது. கீழ்க்கோர்ட் மேசைக்கு வரவேண்டும்.

சம்மனே வரவில்லை என்று சொல்லி ஏமாற்றுகிறவனும் தப்புவானே என்று கேட்பார்கள். தப்பி ஓடுகிறவனுக்குச் சட்டத்தில் கோர்ட்டுக்கு வரச் சொல்லும் பிரகடனம் இருக்கிறது, சொத்து ஜப்தி இருக்கிறது. அவனைக் காட்டி, முகவரி மாறிய கூலிக்காரனைப் பிடிக்காதீர்கள்!

இப்போது உங்களிடம் பேசுகிறேன். நாளானால் வாரண்ட் தானாகச் செத்துவிடும் என்று டீக்கடையில் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: கொடுத்த கோர்ட் ரத்து செய்யும்வரை, அல்லது ஆளைப் பிடிக்கும்வரை அது உயிரோடு இருக்கும். பத்து வருஷமானாலும் இருக்கும். இந்தியாவில் எந்த மூலையிலும் பிடிக்கலாம்.

ஆகவே பயந்து ஒளியாதீர்கள், போய்ப் பாருங்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தையும் கோர்ட்டையும் தேர்ந்தெடுத்து, பேரும் வருஷமும் கொடுத்துத் தேடலாம். வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு என்று காட்டும். ஆனால் நம் பேரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார். முருகேசன் என்ற பேரையே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடவேண்டும். ஒருமுறை தேடிக் கிடைக்கவில்லை என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் வக்கீலை வைத்துக் கோர்ட்டிலேயே பாருங்கள்.

வாரண்ட் இருக்கிறதா? வாரண்ட் கொடுத்த கோர்ட்டிலேயே வக்கீலோடு ஆஜராகி, அதைத் திரும்பப் பெறக் கோரும் ரீகால் மனுப் போடுங்கள். தானாக வந்து நிற்பவனையும் பிடித்து இழுத்து வரப்பட்டவனையும் நீதிபதி ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வக்கீலுக்குப் பணம் இல்லையா? 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டத்தில் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்யுங்கள்.

போலீசார் கதவைத் தட்டினால், "வாரண்டைக் காட்டுங்கள் ஐயா" என்று கேளுங்கள். எழுத்தில் இருக்கவேண்டும், நீதிபதி கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்கவேண்டும். கைது செய்தால் உங்கள் உறவினருக்கோ நண்பருக்கோ அவர்கள் தகவல் சொல்லியாகவேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்தியாகவேண்டும். வீடியோ காலில் வாரண்டைக் காட்டிப் பணம் கேட்கிறவன் போலீஸ் இல்லை, திருடன். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள்.

அரசாங்கத்திடம் இந்தக் கூட்டத்தின் சார்பில் கேட்கிறேன். ஒவ்வொரு கோர்ட் வளாகத்திலும், என் பேரில் வாரண்ட் இருக்கிறதா என்று கேட்டால் தமிழில் பதில் சொல்ல ஒரு மேசை போடுங்கள். கேட்க வந்தவனை அங்கேயே பிடிக்காமல், அன்றைக்கே நீதிபதி முன் நிற்க வழி செய்யுங்கள். விடுமுறைக்கு முந்தின ராத்திரி பார்த்துக் கதவைத் தட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள்!

தோழர்களே, மேடைக்கு இடது பக்கம் நம் வக்கீல்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய கடன், பழைய விபத்து, ஜீவனாம்ச வழக்கு என்று மனதில் ஏதாவது உறுத்தினால், பேரையும் பழைய முகவரியையும் சொல்லிவிட்டுப் போங்கள்.