மெய் சொல்லும் நேரம்



உயிர் பிரிந்த உடலைக் 'கட்டை' என்கிறது தமிழ். வீட்டில் ஒருவர் இறந்தவுடன் மூத்தோர் முதலில் இமைகளை மூடுகின்றனர்; தாடையைச் சேர்த்துக் கட்டுகின்றனர்; பின்னர்க் கால் பெருவிரல்களைப் பிணைக்கின்றனர். உடல் விறைக்கும் வரிசையும் ஏறத்தாழ இதுவே. இமை, தாடை, கழுத்து, கைகள், இறுதியாகக் கால்கள். இவ்வரிசையைப் பிரெஞ்சு மருத்துவர் நிஸ்டன் 1811-இல் எழுதிவைத்தார்.

தசை சுருங்குவதற்கு மட்டுமன்று, தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். அதனைத் தரும் ஏ.டி.பி. என்னும் பொருள் இறப்புக்குப் பின் தீர்ந்துபோவதால் தசையிழைகள் பிணைந்தபடியே நின்றுவிடுகின்றன. உடல் சிதையத் தொடங்கிய பின்னரே நெகிழ்கின்றன. நம் நாட்டில் விறைப்பு 1 முதல் 2 மணி நேரத்தில் தொடங்கும். கோடையில் 18 முதல் 36 மணி, குளிர்காலத்தில் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும் என்பது மருத்துவ நூல்களின் பொதுக்கணக்கு.

இக்கணக்கை நாம் கூடியிருக்கும் இந்த வத்தல்மலையில் வைத்துப் பாருங்கள். மலைக் குளிரில் விறைப்பு தாமதித்து வரும், நெடுநேரம் நிற்கும். சமவெளி வெயிலிலோ விரைந்து வந்து விரைந்து விலகும். இறக்குமுன் மூச்சிரைக்க ஓடியவர் உடலில் இன்னும் முந்தும். முழுதும் விறைத்த மூட்டைத் தூக்குவோர் வலிந்து மடக்கிவிட்டால் அது மீண்டும் விறைக்காது. தருமபுரியில் உடற்கூறாய்வு செய்யும் மருத்துவர் காணும் தளர்ச்சி காலம் செய்ததா, தூக்கியவர் கை செய்ததா? உடன் வந்தோரே சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில் நீ எங்கிருந்தாய் என்னும் கேள்வியில் ஒரு நிரபராதியின் வாழ்வே தொங்கலாம். ஆகவே நேர்மையான மருத்துவர் விறைப்பை மட்டும் நம்பார்; உடல் வெப்பத்தையும், குருதி தேங்கிய நிறமாற்றத்தையும் ஒப்பிட்டு, இந்த மணிக்கும் அந்த மணிக்கும் இடையே என்றே எழுதுவார்.

ஐயத்துக்குரிய மரணத்தில், அக்கம்பக்கத்தார் இருவரேனும் உடனிருக்கக் காவல்துறை விசாரித்து அறிக்கை எழுத வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு அது. அவ்விருவருள் ஒருவராக நிற்க நேர்ந்தால், உடல் கிடந்தது வெயிலிலா நிழலிலா, விறைத்திருந்ததா, எப்போது தூக்கினர், எந்த மூட்டை மடக்கினர் என்பவற்றை எழுதச் சொல்லுங்கள். உடலுக்கும் உண்மைக்கும் 'மெய்' என ஒரே பெயரிட்ட மொழியினர் நாம். சொல்லை அளந்து ஆளப் பழகிய உங்களிடம் நான் வேண்டுவது இதுவே.