ஊரும் ஊரும் கொள்ளும் உறவு



நாடுகளின் நட்பும் பகையும் தலைநகரங்களில் மட்டுமே முடிவாகின்றன என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் நகர இணைவு வரலாறு அதை மறுக்கிறது. வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த இரு நகரங்கள், தத்தம் மாமன்றங்களின் தீர்மானத்தின் வழியே, கல்வி, பண்பாடு, வணிகம், நகராட்சி அனுபவம் ஆகியவற்றைத் தொடர்ந்து பகிர்ந்துகொள்ள உடன்படுவதே நகர இணைவு ஆகும். அவ்வாறு இணைந்தவை சகோதர நகரங்கள் எனப்படுகின்றன. அரசுகளின் உடன்படிக்கைக்கு உள்ள சட்ட வலிமை இதற்கு இல்லையாதலால், இது நிலைப்பதும் நலிவதும் இரு ஊர் மக்களின் கையிலேயே உள்ளன.

1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சால் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்தின் நடுப்பகுதி தீக்கிரையாயிற்று. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடைக்காலத்துப் பேராலயத்தில் கோபுரமும் புறச்சுவர்களுமே எஞ்சின. ஈராண்டுகள் கழித்துச் சோவியத் ஒன்றியத்தின் ஸ்டாலின்கிராட் முற்றுகைக்கு உள்ளானபோது, அந்நகர மக்களின் துயரத்தைக் கவன்ட்ரிப் பெண்கள் தம் துயரமாகவே உணர்ந்தனர். அவர்களுள் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் தத்தம் பெயரைப் பூத்தையலால் ஒரு மேசைவிரிப்பில் பதித்து, ஆளுக்கு ஆறு பென்ஸ் சேர்த்து அனுப்பினர். பெரிய அனுதாபத்தைவிடச் சிறிய உதவி மேலானது என்னும் கருத்தும் அத்துணியில் தைக்கப்பட்டிருந்தது. இன்று வோல்கோகிராட் என்னும் பெயர் தாங்கும் அந்நகரத்தின் போர் அருங்காட்சியகத்தில் அவ்விரிப்பு பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1944இல், போர் முடிவதற்கு முன்பே, இரு நகரங்களும் முறைப்படி இணைந்தன.

ஒரே அணியில் நின்றோர் நட்புக் கொள்வதைவிட, எதிரணியில் நின்றோர் நட்புக் கொள்வது அரிது. 1945 பிப்ரவரியில் பிரித்தானிய, அமெரிக்க விமானங்கள் தாக்கியதில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர் என்று வரலாற்றாய்வாளர்கள் கணித்துள்ளனர். அந்த டிரெஸ்டனோடு கவன்ட்ரி 1959இல் இணைந்தது. அத்தாக்குதலில் இடிந்து, மீண்டும் எழுப்பப்பட்டு, 2005இல் திறக்கப்பட்ட டிரெஸ்டன் அன்னை ஆலயத்தின் குவிமாடத்து உச்சியில் உள்ள பொற்சிலுவை பிரித்தானிய மக்களின் நன்கொடையில் உருவானது. அதைச் செய்த கைவினைஞர்களுள் ஒருவரின் தந்தை அன்று குண்டுவீசச் சென்ற விமானிகளுள் ஒருவர்.

பிரான்சும் ஜெர்மனியும் ஒப்புரவு கண்ட வரலாற்றிலும் நகரங்களே முந்தின. பிரான்சின் மோன்பெலியார் நகரமும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரமும் 1950இல் கைகோத்தன. அப்போது மோன்பெலியார் மேயராக இருந்த லூசியான் தாராதான், ஹிட்லர் ஆட்சியின் புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர் மீண்டவர். இரு அரசுகளும் எலிசே நட்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டது 1963 ஜனவரியில்தான். அதாவது, மக்கள் ஏற்கெனவே நடந்து பழகிய பாதையைப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அரசுகள் முறைப்படி ஏற்றன. அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்ட பிரெஞ்சு-ஜெர்மானிய இளைஞர் அலுவலகம், இரு நாட்டு மாணவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கி, ஒரே மேசையில் உண்டு, மொழி கற்கும் பரிமாற்றங்களுக்குத் துணைநின்று வருகிறது.

இத்தகைய உறவுகளுக்கும் சோதனை வருவதுண்டு. உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022இல் கவன்ட்ரி, வோல்கோகிராடுடனான இணைவை இடைநிறுத்தி வைத்தது. மாமன்றத் தீர்மானத்தால் பிறந்த உறவை மாமன்றத் தீர்மானமே நிறுத்திவைக்கவும் கூடும். எனினும் துணியில் தைத்த பெயர்களை எந்தத் தீர்மானமும் பிரித்தெடுக்க இயலாது. உறவு மீளும் நாளில் அதைப் புதுப்பிக்க மக்களின் நினைவே அடித்தளமாகும் என்பதால், அந்நினைவைக் காப்பது இன்னும் இன்றியமையாததாகிறது.

சென்னைக்கும் இத்தகைய உறவுகள் உண்டு. அதே வோல்கோகிராட், அமெரிக்காவின் டென்வர், சான் அன்டோனியோ ஆகியவை சென்னையின் சகோதர நகரங்கள் என்பது அந்நகரத்தில் வாழ்வோர் பலருக்கே புதிய செய்தியாக இருக்கலாம். மேயர்கள் மாலை மாற்றி, கையெழுத்திட்டு, பெயர்ப்பலகை திறப்பதோடு நின்றுவிடும் இணைவு, கோப்பில் உறங்கும் காகிதமே. பள்ளிக்குப் பள்ளி, மருத்துவமனைக்கு மருத்துவமனை, நூலகத்துக்கு நூலகம் என்று தொடர்பு கிளைக்கும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. கழிவுநீர் மேலாண்மையில் ஓர் ஊர் கற்ற பாடம் மற்றோர் ஊருக்குப் பயன்படும்போதுதான் அதற்குப் பொருள் வருகிறது.

அப்பணிக்கு வேண்டிய மொழித்திறனும் துறையறிவும் இன்று பட்டம் பெறுவோரிடம் உள்ளன. அவர்கள் பொறியாளராகவோ, ஆசிரியராகவோ, மருத்துவராகவோ, நகராட்சி அலுவலராகவோ எந்த ஊரில் பணியேற்றாலும், அவ்வூருக்குச் சகோதர நகரம் உண்டா என்று கேட்டறிய வேண்டும். உண்டெனில் அவ்வுறவுக்கு ஒரு வேலையைத் தர வேண்டும். இல்லையெனில் தக்க ஓர் ஊரைத் தேடி முதல் கடிதத்தை எழுத வேண்டும். ஆறு பென்ஸ் காசும் ஊசியும் நூலும் கொண்டு தொழிற்சாலை நகரமான கவன்ட்ரியின் பெண்கள் செய்யத் துணிந்ததைப் பட்டம் பெற்றோரும் செய்ய முன்வருக.