குர்கிஹார் தேவி கோயில்

பீகாரில் கயை மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் குர்கிஹார். அங்குள்ள சிறிய தேவி கோயிலில் புத்தர், போதிசத்துவர் சிலைகளும் இந்துத் தெய்வத் திருவுருவங்களும் அருகருகே வீற்றிருக்கின்றன. 1930-இல் அவ்வூர் மேட்டிலிருந்து 200-க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள் வெளிப்பட்டுப் பாட்னா அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றின் பொறிப்புகளில் காஞ்சியிலிருந்து சென்ற கொடையாளர்களும் குறிக்கப்பெறுகின்றனர். ஆகவே, குர்கிஹார் நமக்கு அயலூரன்று!

வெண்கலங்கள் நகரம் சென்றன. கற்சிலைகளோ ஊராரின் வழிபாட்டிலேயே தங்கின. அவ்வழிபாடே அவற்றுக்குக் காவல். ஆயினும் காவல் போதவில்லை. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவலோகிதேசுவரர் சிலையொன்று களவு போயிற்று. இத்தாலியின் மிலான் நகரில் 2022-இல்தான் மீண்டும் நம் கைக்கு வந்தது. தொன்பொருள்களைப் பதிவு செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்துள்ளது. ஒவ்வொரு சிலைக்கும் நிழற்படமும் அளவும் கொண்ட ஏடு ஒன்றை ஊராட்சிகளே இன்று தொடங்கலாம், அதற்குப் பெருஞ்செலவில்லை.