தாத்தா பாட்டியின் விசா படம்

பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெரியவர்களே, விசாவுக்குப் படம் எடுக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். எத்தனை வருஷமாகப் போட்டிருந்தாலும் சரி, மருத்துவக் காரணம் இருந்தாலொழிய, 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியோடு எடுத்த படத்தை விசா அதிகாரிகள் ஏற்பதில்லை.

ஸ்டூடியோவில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று மட்டும் சொன்னால் போதாது. இது சதுரப் படம், 2 அங்குலத்துக்கு 2 அங்குலம். பின்னணி வெள்ளை. உச்சந்தலையிலிருந்து தாடை வரை 25 முதல் 35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 6 மாதத்துக்குள் எடுத்த படமாகவும் இருக்க வேண்டும்.

நம் ஊர் ஸ்டூடியோக்காரர் பிரியத்தோடு முகத்தை வெளுப்பாக்கி, சுருக்கத்தை நீக்கி, கன்னத்து மருவையும் அழித்துத் தருவார். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படித் திருத்திய படம் செல்லாது. அந்த மரு இருந்தால்தானே அது உங்கள் முகம்!

கைக்குழந்தைக்கு எடுக்க வேண்டுமா? வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்து மேலிருந்து எடுக்கலாம். பிடித்திருக்கும் கை படத்தில் தெரியக் கூடாது, குனிபவரின் நிழலும் முகத்தில் விழக் கூடாது. பிள்ளை பசியாறி, விழித்து விளையாடும் நேரமாகப் பார்த்து எடுங்கள்.