வழியில் தாமதித்த ஆண்டவர்

(ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில், ஊழியத்தைத் தாங்கும் சபையாரும் கலந்துகொண்ட காலை ஜெபவேளையில் கொடுக்கப்பட்ட செய்தி)



பெரிய துன்பம் வந்தால் நாம் தேவனைத் தேடுகிறோம். வியாதி, கடன், மரணம் என்றால் முழங்கால் தானாகவே மடங்குகிறது. ஆனால் சிறிய தொல்லைகளில்? கம்ப்யூட்டர் நின்றுபோய் பில் போட முடியவில்லை. லிஃப்ட் ஓடவில்லை. அடுத்த டியூட்டிக்கு வரவேண்டியவர் இன்னும் வரவில்லை. இதற்கெல்லாமா ஜெபிப்பது என்று விட்டுவிடுகிறோம். நம்முடைய நாளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட காரியங்களிலேதான் செல்கிறது. அங்கே அவரை மறந்தால், நாளின் பெரும்பகுதியை அவரில்லாதவர்கள்போல் கழிக்கிறோம்.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் யவீருவைப் பாருங்கள். அவனுடைய 12 வயது மகள் மரணத் தறுவாயில் கிடக்கிறாள். இயேசு அவனோடு புறப்படுகிறார். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். அந்த நேரத்தில் ஆண்டவர் வழியில் நின்றுவிடுகிறார்! 12 வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ அவருடைய வஸ்திரத்தைத் தொட்டிருக்கிறாள். தொட்டது யார் என்று அவர் விசாரிக்கிறார். அவள் சொல்வதையெல்லாம் பொறுமையாய்க் கேட்கிறார். அருகில் நின்ற யவீருவின் மனம் எப்படித் துடித்திருக்கும்!

இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, தாமதம் நேர்ந்தது. ஆனால் இயேசு அவனை விட்டுப் போகவில்லை. அவன் காத்து நின்ற அதே தெருவில்தான் அவரும் நின்றார். இரண்டாவது, யவீருவுக்குத் தாமதமாய் இருந்த அந்த நேரம், வேறொருத்திக்கு விடுதலையின் நேரமாய் இருந்தது. நம்முடைய வேலைக்கு இடையூறாக வருகிறவரை ஆண்டவரே அனுப்பியிருக்கலாம் அல்லவா?

காலையில் வெறும் வயிற்றோடு சர்க்கரைப் பரிசோதனைக்கு வரும் பாட்டியை நினையுங்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "இன்னும் எவ்வளவு நேரம், ஐயா?" என்று மூன்றாம் முறை கேட்கிறார். நமக்கு எரிச்சல் வருகிறது. அந்த ஒரு நிமிஷத்தில் நாம் சொல்லும் பதில்தான், அன்றைக்கு அவருக்குக் கிடைக்கும் சுவிசேஷம். சுவரில் எழுதியிருக்கும் வசனத்தை அவரால் வாசிக்க முடியாமல் இருக்கலாம். நம் முகத்தை வாசித்துவிடுவார்.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடமொன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் சமையற்கட்டில் வேலை செய்தார். முன்பு போர்வீரராய் இருந்து காயப்பட்டதால் கால் ஊனம். சமையல் வேலையோ அவருக்கு இயல்பாகவே பிடிக்காதது. ஒருமுறை மடத்துக்குத் திராட்சரசம் வாங்கப் படகில் அனுப்பினார்கள். வியாபாரமும் தெரியாது, நடக்கவும் முடியாது. பீப்பாய்களின்மேல் புரண்டு புரண்டுதான் நகர்ந்தார். ஆனாலும் இது உம்முடைய வேலை என்று கர்த்தரிடம் ஒப்புவித்துவிட்டுக் கலங்காமல் செய்தார். தேவ சமுகத்தின் இனிமையை உணராத வறண்ட வருஷங்கள் அவருக்கும் இருந்தன. உணர்வு இல்லாதபோதும் அவர் ஆண்டவரோடு பேசுவதை நிறுத்தவில்லை.

நாமும் இப்படித் தொடங்கலாம். சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும் என்று நமக்குக் கற்றுத் தருகிறார்கள். ஒரு நாளில் எத்தனை முறை கழுவுகிறோம்! அந்த விநாடிகளில், அடுத்த படுக்கையில் இருக்கிறவருடைய பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, என்னோடு வாரும்" என்று கேளுங்கள். வீட்டில் காஸ் அடுப்பு முன்னும், பஸ் நிறுத்தத்திலும், சபைக் கமிட்டியில் பேச்சு முடிவில்லாமல் நீளும்போதும் அதையே கேட்கலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. யவீருவின் மகள் எழுந்தாள். அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி ஆண்டவர் சொன்னார். நம் வார்டுகளிலோ எல்லாப் பிள்ளைகளும் எழுந்திருப்பதில்லை. ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் துக்கச் செய்தி வந்த பிறகும் இயேசு யவீருவோடு அவன் வீடுவரை நடந்தார் என்பதை வேதம் காட்டுகிறது. பதில் கிடைக்காத வீட்டுக்கும் அவர் கூட வருகிறார்.

ஊழியத்தைத் தாங்கும் அன்பானவர்களே, நீங்கள் கொடுக்கும் காணிக்கை பஞ்சாகவும், மருந்தாகவும், ஜெனரேட்டருக்கு டீசலாகவும் இங்கே செலவாகிறது. அதோடு எங்களுக்காக ஒரு விண்ணப்பமும் செய்யுங்கள்: வரிசை நீளமாயிருக்கும் நாளில் எங்கள் வாயில் சாந்தமான சொல் இருக்கும்படி ஜெபியுங்கள்.

வழியில் நம்மோடு நிற்கிற ஆண்டவர் இந்த நாளிலும் நம்மோடிருப்பாராக. ஆமென்.