புகுவதும் பொருந்துவதும்



நாமக்கல் சமவெளியில் நின்று வடகிழக்கே நோக்கினால் கொல்லிமலை தெரியும். அம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் புறநானூறு பேசுகிறது. அவன் எய்த ஓர் அம்பே யானையை வீழ்த்திப் புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றையும் துளைத்ததாம். வில்லுக்கு ஏலாத அம்பைத் தொடுத்தால் பெரும்பாலும் குறி தப்பும், அவ்வளவே. துப்பாக்கிக்கு ஏலாத தோட்டாவை இட்டாலோ, எய்தவனின் கண்ணும் கையும், ஏன், உயிருமே போகலாம்.

‘வேட்டைதான் ஒழிந்துவிட்டதே, இப்பேச்சு எதற்கு?’ என்று நீங்கள் வினவக்கூடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது உண்மையே. ஆயினும், பாட்டன் வைத்திருந்த துப்பாக்கி உரிமத்தோடு பேரன் கைக்கு வருவது இன்றும் உண்டு. பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்றோரும் உளர். தேசிய மாணவர் படையில் சேரும் உங்களுள் பலர் 0.22 அங்குலத் துப்பாக்கியைக் கையிலேந்துவீர்கள். ஆதலின் இவ்வறிவு உங்களுக்கும் வேண்டுவதே.

குழலின் பின்புறத்தில் தோட்டா அமரும் இடத்தை ‘அறை’ என்பர். மருந்து எரியும்போது எழும் வாயு, வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல நூறு மடங்கு, சில துப்பாக்கிகளில் ஏறத்தாழ 4,000 மடங்கு அழுத்தத்தோடு நாற்புறமும் தாக்கும். தோட்டாவின் மெல்லிய பித்தளைக் கூடு தனித்து நின்று அதனைத் தாங்காது. கூடு விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ள, கனத்த எஃகுச் சுவரே அவ்வழுத்தத்தைத் தாங்குகிறது. கூட்டுக்கும் சுவருக்கும் இடைவெளி மிகுந்தால் கூடு கிழியும். சுடுவாயு பின்னோக்கிப் பாய்ந்து, சுடுபவன் முகத்தையே தாக்கும்.

சன்னத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ‘12 போர்’ என்பதன் பொருள் யாது? குழலின் துளைக்கு இசைந்த ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு நிறை ஆகும் என்பதே. எனவே எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். 12 போரின் துளை ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், 20 போருக்கு 15.6. இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 20 போர்த் தோட்டாவை 12 போர்க் குழலில் இட்டால், அது அறையைக் கடந்து சென்று, குழல் குறுகும் இடத்தில் சிக்கி நிற்கும். பின்னாலிருந்து பார்ப்பவனுக்கு அறை வெறுமையாகவே தோன்றும். ‘தோட்டா இடவில்லை போலும்’ என்றெண்ணி, அவன் சரியான தோட்டாவை இட்டுச் சுடுவான். குழல் வெடித்துச் சிதறும். இத்தவற்றைத் தடுக்கவே 20 போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் தரும் வழக்கம் ஏற்பட்டது.

எண் ஒத்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. 12 போரிலேயே 65 மில்லிமீட்டர் அறையும் உண்டு. 70 மில்லிமீட்டர் அறையும் உண்டு. நீண்ட தோட்டாவின் வாய் மடிக்கப்பட்டிருப்பதால் அது குட்டையான அறையிலும் எளிதில் அமர்ந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் குறுகிய பகுதியை நெருக்கும். அழுத்தம் அளவு கடந்து உயரும். மேலும், கரிமருந்துக்கென்று மட்டுமே சோதிக்கப்பட்ட பழங்காலக் குழல், இக்காலப் புகையற்ற மருந்தின் வேகத்தைத் தாங்கும் என்று நம்பலாகாது.

ரைபிளிலும் இக்கதையே. ஆங்கிலேயர் ஆட்சியில், படையினரின் 0.303 தோட்டா பொதுமக்கள் கைக்குச் செல்லலாகாது என்று தடுத்தனர். ஆதலால் நம் நாட்டு வேட்டைத் துப்பாக்கிகளில் 0.315 பரவியது, ஈசாப்பூர்த் தொழிற்சாலையும் அதனைச் செய்துவந்தது. இவ்விரண்டின் துளை வேறுபாடு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டரே; கண்ணுக்குப் புலப்படுமா? கூட்டின் நீளமோ ஒன்றில் 56, மற்றொன்றில் 50 மில்லிமீட்டர். இனி, 0.308, 0.30-06 என்ற இரண்டுக்கும் குண்டின் பருமன் ஒன்றே. கூடுகள் மட்டும் 51, 63 மில்லிமீட்டர் என வேறுபடும். குட்டையானது நீண்ட அறைக்குள் தடையின்றிப் புகும். சுட்டால் கூடு பிளக்கும்.

ஆகவே, உள்ளே புகுவது வேறு, பொருந்துவது வேறு. குழலில் பொறித்த எழுத்தையும் தோட்டாவின் அடியில் பொறித்த எழுத்தையும் படியுங்கள். சன்னத் தோட்டாவாயின் அதன் உடலில் அச்சிட்ட நீளத்தையும் பாருங்கள். எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். ஒரு பையில் ஒரே வகைத் தோட்டாவை வையுங்கள். ஓசை மெலிந்து ஒலித்தால் மறுமுறை சுடாதீர்கள். குழலை ஆபத்தில்லாத திசையிலேயே பிடித்துச் சற்றுப் பொறுத்திருந்து, தோட்டாவை அகற்றியபின், குழலினுள் தடை உண்டா என்று ஆராயுங்கள். எழுத்து அழிந்த பழந்துப்பாக்கியாயின், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளர் அளந்து சொல்லும்வரை அது சுவரிலேயே தொங்கட்டும்.

உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் கூறுகின்றன. அப்பயிற்சியின் முதற்பாடம் குறி பார்ப்பதன்று, படித்துப் பார்ப்பதே. சிறிய எழுத்தைப் படிக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடச் சோம்பலுக்குக் கண்ணை விலையாகக் கொடுப்பது அறிவுடைமை ஆகுமா?