தாது வருஷத்துப் படம்

(பங்கின் விழாவையொட்டி ஒக்கூரில் மலர்க்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



மலர்க்குழுவாகிய எங்களுக்கு நேரவிருந்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறோம். பசித்தோருக்கு உணவளித்தல் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் போட ஒரு படம் தேவைப்பட்டது. கைப்பேசியில் சுற்றிவந்த ஒன்றை எடுத்துக்கொண்டோம். எலும்பும் தோலுமாகச் சிலர். கீழே "1943, வங்காளப் பஞ்சம்" என்று ஒரு குறிப்பு. அச்சுக்கூடத்துக்கு அனுப்பும் தறுவாயில்தான் உண்மை தெரிந்தது. அது நம்முடைய சென்னை மாகாணத்துப் படம். 1876-க்கும் 1878-க்கும் இடையே எடுக்கப்பட்டது. நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிவந்தார்களே, அந்தப் பஞ்சம்தான். நம் மாகாணத்து மக்களுக்கே வேற்றூர் விலாசம் எழுதி மலரில் போட இருந்தோம்!

இதைப் போன்ற படங்களை எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேயர். சென்னைக் குதிரைப்படை அதிகாரி. பட்டினியால் நலிந்தவர்களைக் கூட்டங்கூட்டமாகப் படம் பிடித்தார். அவற்றைப் பார்க்கும் எவருக்கும் முதலில் நெஞ்சு பதறும். பதறட்டும். ஆனால் பதற்றம் அடங்கிய பிறகு மறுமுறை பார்க்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

மறுமுறை பார்க்கும்போது வரிசை கண்ணில் படுகிறது. சிலர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் பின்னால் நிற்கிறார்கள், குழந்தை மடியில் இருக்கிறது. இந்த அமைப்பை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்? செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் குடும்பப் படங்களில்! பெரியவர்கள் நாற்காலியில், இளையவர்கள் பின்னால், பேரப்பிள்ளை மடியில். அந்த வீட்டார் தாமே ஆசைப்பட்டு, நல்ல உடை உடுத்திக்கொண்டு நின்றார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்கள் அப்படி ஆசைப்பட்டா நின்றிருப்பார்கள்? அந்நாளைய காமிரா முக்காலியில் நிற்பது. உள்ளே கண்ணாடித் தகடு. எதிரே இருப்பவர் அசைந்தால் உருவம் கலைந்துவிடும். ஆகவே நிற்கத் தெம்பில்லாதவர்களை யாரோ ஒருவர் கூட்டிவந்து, இடம் காட்டி, அசையாமல் இருக்கச் செய்திருக்கிறார். படம் பொய்யன்று, அந்த விலா எலும்புகள் மெய்யானவை. ஆனால் அது தற்செயலாகக் கண்ணில் பட்ட காட்சியுமன்று.

அடுத்து, படத்தின் தலைப்பு. ஹூப்பரின் படம் ஒன்றுக்கு, "இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்" என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு உண்டு. அன்றைய சர்க்கார் விதிப்படி உடம்பில் வலுவுள்ளவன் மண் சுமந்து, கல் உடைத்துத்தான் கூலி பெற வேண்டும். அந்தக் கூலியையும் 1877 தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி குறைத்தார்: ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், அதோடு 1 அணா. நாள் முழுதும் மண்வெட்டி பிடிப்பவனுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தத் தலைப்பைப் படித்தால், "தகுதி" என்ற சொல் தொண்டையில் சிக்குகிறது. வேலை செய்யவே முடியாத அளவுக்கு உடல் ஒடுங்கினால்தான் இலவசச் சோற்றுக்குத் தகுதி.

படத்தில் இல்லாதவை எவை என்பதையும் கேட்க வேண்டும். கெட்ட அதிகாரி இல்லை, நல்ல அதிகாரியும் இல்லை. தானிய மூட்டை இல்லை. பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. அந்தத் துறைமுகம் இல்லை. மழை பொய்த்தது மெய்தான். கண்மாயை நம்பி வாழும் நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்கு வானத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. படமோ மெலிந்த உடம்பை மட்டும் காட்டி நின்றுவிடுகிறது.

இதே காலத்தில் வேறு படங்களும் எடுக்கப்பட்டன. 1877 ஜனவரி 1 அன்று டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் கூட்டி, விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். அந்தக் கோலாகலத்தைப் போர்ன் அண்டு ஷெப்பர்டு கம்பெனியார் படம் பிடித்தார்கள். அந்தப் படங்களில் இருக்கும் ராஜாக்கள் இன்னார் இன்னார் என்று பெயர் சொல்ல முடியும். நம் பஞ்சப் படத்தில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

நம் ஊரவர் என்று நாம் உரிமை கொண்டாடும் ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாட்டிலும் ஒரு தாய்க்குப் பெயரில்லை. ஆனால் அவள் என்ன செய்தாள் என்பதைப் புலவர் சொல்கிறார்: போரில் உறவை இழந்த பின்னும் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பினாள். பஞ்சப் படத்துத் தாய்க்கோ செயலும் இல்லை. எத்தனை மைல் நடந்து முகாமுக்கு வந்தாள், எதை விற்றாள், யாரைப் புதைத்தாள்? ஒன்றும் இல்லை.

ஹூப்பரை அரக்கனாக்க நாங்கள் வரவில்லை. 1886-இல் மாந்தலேயில், துப்பாக்கியால் சுடப்படவிருந்த கைதிகளைப் படம் பிடித்த விவகாரத்தில் அவர்மேல் விசாரணை நடந்தது, கண்டனமும் கிடைத்தது. அது வேறு கதை. பஞ்சக் காட்சிகள் வெளியுலகத்துக்கு எட்டியதால் இரக்கம் பிறந்ததையும் மறுக்க முடியாது. இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவற்றைச் செதுக்குப் படங்களாக வெளியிட்டன. 1877-இல் லண்டன் மேயரின் மாளிகையில் நிவாரண நிதி திரண்டது. அந்தப் படங்கள் இல்லையென்றால் இன்று நமக்கும் தாது வருஷம் வெறும் பேச்சாகவே இருந்திருக்கும்.

மலரில் இந்தப் படம் வேண்டாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். மானம் மறைக்கத் துணி போதாமல் நிற்பவர்களை மறுபடியும் ஊர் பார்க்க நிறுத்துவது சரியா என்று ஒரு தாயார் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. நீண்ட நேரம் பேசி, கட்டுரைக்கு அலங்காரமாக இல்லாமல் தனிப்பக்கத்தில் போடுவது என்று முடிவு செய்தோம். கீழே, "சென்னை மாகாணம், 1876–78. எடுத்தவர் ஹூப்பர். இவர்கள் பெயர் எழுதி வைக்கப்படவில்லை" என்று மட்டும் இருக்கும்.

அந்தப் பக்கத்துக்கு நேர் எதிரே ஒரு மிட்டாய்க் கடை விளம்பரம் அமைந்திருந்தது. கடைக்காரரிடம் படத்தைக் காட்டினோம். சற்று நேரம் பார்த்தார். வேறு பக்கம் கொடுங்கள் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.